கெட்டுப்போனதைக் கேட்டவர்

முசே தனிஸ்லாஸ் காலமாகிவிட்டார் என்று தொலைபேசி வந்தபோது, அவருக்குச் சொல்லவேண்டிய ஒரு மறுப்பை நான் மனத்துக்குள் வாக்கியம் வாக்கியமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். தவளக்குப்பத்தில் ஓர் அரிசி ஆலை முதலாளியின் மனம் இளகியிருப்பதாகத் தமக்குத் தகவல் வந்திருக்கிறது என்றும், அவரிடம் இளம் ஆய்வாளர்களுக்காக நிதி கேட்க நானும் கூட வரவேண்டும் என்றும் முந்தைய வாரம் சொல்லியனுப்பியிருந்தார். வெயில், என் முழங்கால், கடலூர் பஸ்ஸின் படிக்கட்டு, அரிசி ஆலை முதலாளிகளின் மனம் ஆகியவை பற்றி எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. அவற்றை மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், அவர் உதவிய ஆய்வாளர்களில் ஒருத்தியான நஸ்ரின் அழைத்தாள்.

“மேடம், முசே எறந்துட்டாரு. காலைல குளிச்சிட்டு வந்து சேர்ல ஒக்காந்தாராம். அப்புறம் எழுந்திருக்கவே இல்லியாம்.”

“சரி” என்றேன். அடக்கம் எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வைத்தேன்.

அடக்கம் முடிந்த பிறகு இரங்கல் கூட்டம் ஒன்று நடந்தது. அதில் பேசியவர்களில் ஒருவர் அவரை இளம் விஞ்ஞானிகளின் தந்தை என்றார். முசே யாருக்கும் தந்தையாக இருக்க ஆசைப்பட்டவர் அல்லர். பெற்ற மகளோடே அவருக்கு ஒத்துப்போனதில்லை. இன்னொருவர் அவரை மாபெரும் அறிஞர் என்றார். அவருக்கு விஞ்ஞானம் தெரியாது. தெரியாது என்பதை அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவரை அறியாதவர்களுக்காகவாவது சில செய்திகளைச் சரியாகச் சொல்லிவைக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அவர் குருசுக்குப்பத்தில் பிறந்தவர். இளவயதில் பிரான்சுக்குப் போய், அங்கே ஓர் ஆய்வு நிறுவனத்தின் அலுவலகத்தில் ஆராய்ச்சியாளர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில் வேலை பார்த்தார். ஓய்வு பெற்றதும் பிரெஞ்சுப் பென்ஷனோடும், ‘ஐயா’ என்பதற்கான ‘முசே’ என்ற பிரெஞ்சு அடைமொழியோடும் ஊர் திரும்பினார். எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள் செய்யும் காரியங்கள் அனைவருக்கும் தெரிந்தவையே: காலையில் கடற்கரையில் நடை, மாலையில் ஒரு கிளாஸ், இரண்டுக்கும் நடுவில் நகராட்சியைப் பற்றிய குறைகள். இவை மூன்றையும் முசே குறைவின்றிச் செய்தார். நான்காவதாக ஒன்றையும் செய்தார்.

இந்தப் புதிய நூற்றாண்டு பிறந்த சமயத்தில் ஒரு நாள், நான் தலைமை வகித்த விலங்கியல் துறைக்கு வந்தார். அழைக்காமலே உட்கார்ந்தார்.

“மதாம், உங்ககிட்ட டாக்டர் பட்டம் வாங்கினவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க?”

ஒருவன் எல்.ஐ.சி. முகவர், ஒருத்தி டியூஷன் எடுக்கிறாள், இன்னொருத்தி மாமியார் வீட்டில் இருக்கிறாள் என்றேன்.

“அப்ப நீங்க எல்.ஐ.சி.க்கு ஆள் தயார் பண்ணிக் குடுக்கறீங்க.”

அவரை அப்போதே வெளியே அனுப்பியிருக்கலாம். அனுப்பாததற்குக் காரணம், அவர் சொன்னது சரியாக இருந்தது. முனைவர் பட்டம் முடியும்வரை ஏதோ ஓர் உதவித்தொகை வருகிறது. நிரந்தர வேலை கிடைத்துவிட்டால் ஆய்வுக்கு நிதி கேட்கலாம். நடுவில் சில ஆண்டுகள் யாருடைய பொறுப்பிலும் இல்லாதவை. பணக்கார நாடுகளில் அந்தப் பள்ளத்தின்மேல் ஏதாவது பலகை போட்டிருப்பார்கள். நம் நாட்டில் பிள்ளைகள் அதில் விழுகிறார்கள். அப்படி விழுந்ததைக் குடும்பத்தார் செட்டிலாகிவிட்டான் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

பிரான்சில் தமக்குத் தெரிந்த ஒரு சிறிய அறக்கட்டளையை முசே பேசிப் பேசியே கரைத்திருந்தார். பட்டம் முடித்த ஓரிருவருக்கு, ஆளுக்கு இரண்டு ஆண்டுகள், சாப்பாட்டுக்கும் ரசாயனத்துக்கும் போதுமான அளவு தொகை வந்தது. தேர்வுக்குழுவில் என்னையும் போட்டார். கேட்டுப் போடவில்லை.

அவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்று. மாதத்தின் முதல் சனிக்கிழமை நிதி பெறுபவர்கள் அவர் வீட்டுக்கு வந்து, அந்த மாதம் கெட்டுப்போனது என்ன என்று சொல்லவேண்டும். காபி வரும், கூடவே பிஸ்கோத்து வரும். பிறகு, “வொலா, என்ன கெட்டுப்போச்சு?” என்பார். நன்றாக நடந்தேறியதைச் சொல்லத் தொடங்கினால் ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பார். இது என்ன வழக்கம் என்று கேட்டேன்.

“வேலை பாத்த காலமெல்லாம் ரிப்போர்ட் வாங்கி அடுக்கினேன் மதாம். எல்லாத்துலயும் வெற்றி. அவ்ளோ வெற்றின்னா அடுத்த வருஷம் எதுக்கு மறுபடி காசு கேட்டாங்க?”

இதனால் விபரீதமும் விளைந்தது. பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த ஓர் இளைஞன், நெற்பூச்சியை ஆராய்பவன், ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்ட குற்ற உணர்ச்சியில், இன்குபேட்டர் நின்றுவிட்டது என்று கதை கட்டினான். மறுநாளே முசே ஒரு மின்பணியாளரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டார். இன்குபேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏம்பா பொய் சொன்னே?”

“எல்லாம் நல்லாப் போச்சு முசே. அத உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

அந்த மாதம் நல்லபடியாகப் போனதை முசே பொறுமையாகக் கேட்டார். அது ஒருமுறைதான்.

நஸ்ரின் இதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தாள். முல்லா வீதியில் அவள் தந்தைக்கு அத்தர்க் கடை. நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்தாள். அவள் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது: தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீனின்மேல் உடைத்துப் போடுகிற ஐஸில் என்ன உயிர் வாழ்கிறது, மீனைக் காக்கவேண்டிய ஐஸே மீனைக் கெடுக்கிறதா? மழைக்காலம், கோடை என்று இரண்டு சுற்று முழுதாக மாதிரி எடுத்தால்தான் விடை சொல்லமுடியும். ஒரு நாள் முசேயின் வற்புறுத்தலால் நானும் அங்கே போனேன். ஏலம் நடந்துகொண்டிருந்தது. பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு அவள் வருவதைப் பார்த்ததும் கூடை வைத்திருந்த பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

“தோ வந்துட்டாங்க பாரு ஐஸ் டாக்டரு. ஊரே மீன் வாங்குது, இது ஐஸ வாங்கினு போவுது.”

“கண்ணாலத்துக்கு ஐஸுதான் சீர் வைப்பாங்க போல.”

“மீன் குடுத்தா அதையும் வாங்கிக்கறேங்க்கா” என்றாள் நஸ்ரின். ஒரு கிழங்கான் மீன் கிடைத்தது.

முதல் ஆண்டில் அவளுடைய நுண்ணுயிர் வளர்ப்புகள் பாதிக்குமேல் மின்வெட்டில் செத்தன. மீதியில் ஒரு பகுதியை எங்கள் ஆய்வகத்துக் குழாய்த் தண்ணீரே கெடுத்திருந்தது என்று பிறகு கண்டுபிடித்தாள். சனிக்கிழமைகளில் அவள் சொல்வதற்கு ஏராளம் இருந்தது. முசே ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் செய்த பெரிய தவறு அந்த ஆண்டு முடிவில் நிகழ்ந்தது. அறக்கட்டளைக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில், சனிக்கிழமைகளில் கேட்டதை அப்படியே எழுதிவிட்டார்: என்னென்ன கெட்டது, ஏன் கெட்டது, அதிலிருந்து அந்தப் பெண் என்ன தெரிந்துகொண்டாள் என்று. நல்ல பிரெஞ்சு. வாசித்துக் காட்டினார். நான் சொன்னேன், படகின் முன்னால் அவளை நிறுத்தி ஒரு புகைப்படம் எடுத்து, கடலோர மக்களின் எதிர்காலம் என்று கீழே எழுதி அனுப்புங்கள், போதும் என்று. சுனாமிக்குப் பிறகு எல்லா நாட்டுக் கொடையாளர்களும் படகுப் படங்களையே விரும்பினார்கள்.

“அவங்க நம்ம ஆளுங்க மதாம். புரிஞ்சுக்குவாங்க.”

அங்கே நிர்வாகம் மாறியிருந்தது. புதியவர்கள் அதைத் தோல்விகளின் பட்டியலாகப் படித்தார்கள். இனிமேல் கண்ணுக்குத் தெரியும் பலன் தரும் திட்டங்களையே ஆதரிக்கப்போவதாக மிகுந்த நாகரிகத்தோடு பதில் வந்தது. நஸ்ரினுக்கு ஒரு சுற்று பாக்கி இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு மருந்துத் தொழிற்சாலை தரப் பரிசோதனைப் பிரிவுக்கு அவளை அழைத்துக்கொண்டிருந்தது. அங்கே போனால் ஐஸ் அதோடு சரி.

முசே நிதி கேட்டு ஊரைச் சுற்றத் தொடங்கினார். சில இடங்களுக்கு நானும் போனேன். இரும்புக்கடை முதலாளி ஒருவர் எங்களுக்குக் குளிர்பானம் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, பெருந்தன்மையோடு சொன்னார்:

“மைக்ரோஸ்கோப்பு வாங்கித் தரேன் முசே. பெருசாவே வாங்கிக்குங்க. எங்கப்பா பேர மட்டும் போட்டுடணும்.”

“மைக்ரோஸ்கோப்பு இருக்குது. அதுக்கு முன்னால ஒக்கார ஆள் வேணும். ஆளுக்குச் சாப்பாடு வேணும்.”

“ஆள் மேல பேர எங்க போடறது?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. கோயில் டியூப்லைட்டில்கூட உபயதாரர் பெயர் எழுதுகிற ஊரில், ஒரு பெண்ணின் மாதச் செலவின்மேல் பெயர் எழுத இடமில்லைதான். இப்படிப் பல கடைகள், பல குளிர்பானங்கள். பழைய மாணவர் சங்கம் ஒரு சால்வை போர்த்தியது.

கடைசியில் தம் பென்ஷனிலிருந்து தருவதாக அவளிடம் சொன்னார். நானும் அங்கே இருந்தேன்.

“உங்க பென்ஷன்ல நான் சாப்பிட மாட்டேன் முசே. எங்க அத்தா கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

“ஆராய்ச்சின்னு சொல்லு.”

“வெளிநாட்டுக் காசுன்னா அது ஸ்காலர்ஷிப். உங்க காசுன்னா அது தர்மம். வேணாம் முசே.”

முசே கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவள் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஆனால் ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வகத்தைத் திறந்துவிட முடியுமா என்று கேட்டாள். எங்கள் கல்லூரியில் ஒரு விதி உண்டு: விடுமுறை நாளில் பெண்கள் ஆய்வகத்தில் தனியாக இருக்கக்கூடாது, பொறுப்புள்ள ஒருவர் உடன் இருக்கவேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் கல்லூரிக்கு வர எனக்கு விருப்பமில்லை. முசேயிடம் அதைச் சொன்னதும், பொறுப்புள்ளவருக்கு வயது வரம்பு உண்டா என்று கேட்டார். முதல்வரிடம் பேசி அனுமதி வாங்கினேன்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் காலைப் பூசை முடிந்ததும் அவர் வந்துவிடுவார். ஆய்வக வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளைப் படிப்பார். மாதிரிக் குப்பிகள் எதையும் தொடமாட்டார். அவள் மதிய உணவுக்கு எழுந்தால் அவரும் எழுவார். இரண்டு ஆண்டு வேலை நான்கு ஆண்டாக நீண்டது. நான் ஓய்வுபெற்றுவிட்டேன், எனக்குப் பின் வந்த துறைத்தலைவர் இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை, மாற்றுவதும் ஒரு வேலையல்லவா. எந்த அறக்கட்டளையும் அந்த ஸ்டூலை ஆதரவு என்று கணக்கில் எடுத்திருக்காது. நான் பார்த்தவற்றில் அதுதான் ஆதரவு.

கட்டுரை வெளிவந்தது. நல்ல கட்டுரை. துறைமுகத்தில் ஐஸ் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலையும் நின்றுவிடவில்லை. நஸ்ரின் விரிவுரையாளர் பணிக்கான நேர்காணல்களுக்குப் போனாள். பட்டம் பெற்ற பிறகு இத்தனை ஆண்டுகள் ஏன் ஆய்வில் இல்லை என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. அவளைவிட இளையவர்களும், அவளைவிடக் குறைவாக எழுதியவர்களும் உள்ளே போனார்கள். முசே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொதித்தார். நான் கொதிக்கவில்லை, எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

உப்பளம் கல்லறையில் அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்ததும், நஸ்ரினும் நானும் வாசலில் ஆட்டோவுக்காக நின்றோம். அப்போதுதான் சொன்னாள். தொழிற்சாலைக்காரர்கள் அவளுக்குப் பதவி உயர்வு தந்து வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். ஒப்புக்கொண்டுவிட்டாள். இனி ஆய்வு இல்லை.

“முசேகிட்ட சொன்னியா?”

“போன ஞாயித்துக்கெழம சொன்னேன் மேடம். நான் விட்டுடறேன் முசேன்னேன்.”

“என்ன சொன்னார்?”

“படிச்சிட்டிருந்த பத்திரிகைய மடிச்சு வெச்சாரு. அப்புறம், ‘எனக்குக் கோவம் இருக்குது, ஆனா அது உம்மேல இல்ல’ன்னாரு. ‘போறதுக்கு முன்னால பாட்டிலையெல்லாம் கழுவி வெச்சுட்டுப் போ’ன்னாரு. கழுவினேன். கழுவக் கழுவ அவரே எழுந்து வந்து ஒண்ணொண்ணா தொடச்சாரு. எதையுமே தொடமாட்டாரே மேடம், அன்னிக்குத் தொட்டாரு.”

அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டாள். அவள் போவது தவறு என்று நான் நினைக்கவில்லை. ஒருத்தியிடம் கேட்கக்கூடியதைவிட அதிகமாகவே அவளிடம் கேட்டுவிட்டோம்.

மறுநாள் ஆய்வகத்துக்குப் போனேன். சோதனைக் குழாய்கள், பெட்ரித் தட்டுகள், குப்பிகள் எல்லாம் ஒரு கறையும் இல்லாமல் அளவுவாரியாகக் கவிழ்த்துவைக்கப்பட்டிருந்தன. இதில் குறியீடு எதுவும் இல்லை. கழுவாமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும், அவ்வளவுதான். யாராவது வந்தால் இன்றைக்கே வேலை தொடங்கலாம். யார் வருவார்கள், அவர்களுக்கு யார் சோறு போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

முசே, நன்றாகத் துடைத்திருக்கிறீர்கள். இனி உட்கார்ந்தே இருங்கள்.