465 காட்டிய டிஸ்க்

கலைவாணி கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கைச் சொருகியதும் டக் டக் என்று சத்தம் வந்தது. அவர் படவேட்டில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். கணியம்பாடியில் இருக்கும் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் பழைய வாடிக்கை. முகூர்த்த நாளில் அந்த ஊர்க் கோயிலில் அவருக்கு மூன்று கல்யாணம் இருக்கும். ஒன்று முடிந்ததும் படங்களை டிஸ்க்கில் கொட்டி, கேமரா கார்டை அழித்துவிட்டு அடுத்த ஜோடியிடம் ஓடுவார். அப்படி ஒரு கல்யாணம் முழுக்க இந்த டிஸ்க்கில் மாட்டிக்கொண்டது. வேறு காப்பி இல்லை.

"இன்னாண்ணா இது, மாசாமாசம் பாத்துக்கினுதான இருந்தேன். நேத்து வரைக்கும் 465 ஜிபி அப்படியே காட்டிச்சே."

அது நான் சொல்லிக்கொடுத்த கணக்கு. டிஸ்க் வாங்கிய அன்று, "ஐநூறு ஜிபின்னு போட்டுட்டு 465 தான் காட்டுது?" என்று கேட்டார். கடையில் கூட்டம். வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன்.

"மீதி பேட் செக்டர்ல போய்டும்மா. 465 கொறையாத வரைக்கும் டிஸ்க்கு நல்லா இருக்குன்னு அர்த்தம்."

இரண்டுமே தப்பு. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நான்காக எண்ணுகிறது, வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு செக்டர், அதாவது தகவல் பதியும் சிறு கட்டம், கெட்டால் டிஸ்க் தன்னிடம் உபரியாக வைத்திருப்பதை அதற்குப் பதில் போட்டுக்கொள்ளும். உபரி தீர்ந்த பிறகும் மொத்த அளவு மாறாது. சாகக் கிடக்கும் டிஸ்க்கும் 465 தான் காட்டும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஹெல்த் ரிப்போர்ட்டைத்தான் பார்க்க வேண்டும். அது எனக்கு அப்போது தெரியாது.

படங்களை மீட்க இரண்டு நாள் போராடினேன். நலங்கு வந்தது, மாலை மாற்றியது வந்தது, பந்தி வந்தது. தாலி கட்டிய படம் ஒன்றுகூட வரவில்லை.

கல்யாணப் பெண்ணின் வீடு மலைமேல். விஷயத்தைச் சொல்லக் கலைவாணியைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை, நானும் போனேன். "தப்பு என்னோடதுங்க, இவங்க மேல ஒண்ணுமில்ல" என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண், "ஒண்ணுகூடவா வரல?" என்று கேட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

மலை இறங்கும்போது கலைவாணி வண்டியை நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். நிதானமாகத்தான் பேசினார்.

"தெரியலன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பயந்துக்கினு இன்னொரு காப்பி எடுத்து வச்சிருப்பேண்ணா."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். கூட்டமாக இருந்தாலும் சொல்லுங்கள்.