சாவடி இல்லாத ஊர்

அந்த மாசி மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒருவரும் ஓர் இடத்தில் உட்காரவில்லை. தாத்தா களத்துக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். அப்பா எதையோ மறந்துவிட்டவர் போல மாட்டுக்கொட்டகைக்குள் போவார், வெறுங்கையோடு திரும்பி வருவார். அம்மா கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினாள். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, நின்ற இடத்திலேயே நிற்பாள். பிறகு திடீரென்று துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிய இடத்தையே பெருக்குவாள். எனக்கு ஒன்பது வயது. பெரியவர்கள் அலைந்தால் எனக்கும் கால் தரையில் பாவாது. காரணம் கேட்காமல் நானும் அலைந்தேன்.

காரணம் மாமாதான். அத்தையின் புருஷன். கல்யாணமான கையோடு கப்பலேறிச் சைகோனுக்குப் போனவர். அங்கே துறைமுகத்தில் காவல் வேலை. நாலு வருஷம் கழித்து லீவில் வந்து, பாகூரில் தன் அம்மா வீட்டில் தங்கியிருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் கால்சராயும் பூட்ஸுமாகக் குருவிநத்தத்துக்கு எங்கள் வீடு தேடி வருவார். வரும்போதெல்லாம் ஒரே பேச்சு. இந்தத் தடவை பெண்டாட்டியோடுதான் கப்பலேறுவேன், இப்போது அனுப்பாவிட்டால் இனிமேல் வந்து கேட்க மாட்டேன்.

கேட்க மாட்டேன் என்றால் என்ன என்று பெரியவர்களுக்குத் தெரியும். கடல் தாண்டிப் போய் அந்த ஊர்ப் பெண்ணோடு குடும்பம் நடத்தியவர்கள் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் முதல் மனைவி எங்கள் தெருக்கோடியில் அண்ணன் வீட்டு மாட்டுக்குச் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு அதெல்லாம் எட்டவில்லை. அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவாள் என்றால் நல்லதுதானே என்றுதான் பட்டது. எனக்குப் பேன் பார்ப்பதில் அவளைப் போலக் கைராசிக்காரி ஊரில் இல்லை.

தாத்தா முடியாது என்றார். கண்காணாத தேசம், அனுப்ப மாட்டேன். தாத்தாவின் கண் எது வரைக்கும் காணும் என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் எல்லையில் இருந்தது. தெற்கே பெண்ணையாற்றைக் கடந்தால் இங்கிலீஷ்காரன் எல்லை. புதுச்சேரிக்குப் போகும் வழியிலும் நடுநடுவே அவன் ஊர்கள் வரும். எல்லைக்கு எல்லை சுங்கச் சாவடி. வண்டியை நிறுத்தி, மூட்டையை அவிழ்த்து, வைக்கோலுக்குள் கையை விட்டுத் துழாவுவார்கள். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் தூரத்தை மைலில் சொல்ல மாட்டார்கள். கடலூர் ஒரு சாவடி, புதுச்சேரி இரண்டு சாவடி என்பார்கள். ஒரு சாவடிகூட இல்லாத ஊர் காத தூரத்தில் இருந்தாலும் பக்கம்தான். ஆற்றுக்கு அக்கரையில் கூப்பிட்டால் கேட்கும் ஊர், வெளிதேசம்.

அதிலும் தாத்தாவுக்கு ஒரு பழைய கோபம் உண்டு. அத்தையின் கல்யாணத்துக்குக் கடலூரில் பாத்திரம் வாங்கிக்கொண்டு வரும்போது, அக்கரைச் சாவடிக்காரன் அவர் இடுப்பு வேட்டியையே உதறிக் காட்டச் சொல்லிவிட்டானாம். நாலு பேர் பார்க்க உதறிக் காட்டினாராம். அன்றிலிருந்து இங்கிலீஷ்காரன் மண்ணை மிதிப்பதில்லை என்று வீம்பு. புதுச்சேரி வழியில் மிதிக்கிறீர்களே என்று யாரும் கேட்டதில்லை. அது வண்டியில் உட்கார்ந்துகொண்டு போவதாம், மிதிப்பதாகாதாம்.

இந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஆசியா நடந்துகொண்டிருந்தது. சுவரில் ஒரு பெரிய படத்தை மாட்டி, வாத்தியார் பிரம்பால் தொட்டுத் தொட்டுச் சொல்லுவார். வடக்கே வருஷத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் சைபீரியா. அதற்குக் கீழே, வீட்டைச் சுருட்டிக் குதிரை மேல் ஏற்றிக்கொண்டு புல் இருக்கும் இடமாகப் போகிறவர்கள். மேற்கே ஒட்டகத்தோடு மணலில் அலைகிற அரபுகள். கிழக்கே, படகிலேயே பிறந்து படகிலேயே கல்யாணம் பண்ணிக்கொள்ளும் சீனர்கள், காகிதத்தால் சுவர் வைத்துக்கொள்ளும் ஜப்பான்காரர்கள். எனக்கு ராத்தூக்கம் போயிற்று. இத்தனை பேர் இத்தனை விதமாக இருக்கும்போது, நாம் மட்டும் ஏன் தினமும் கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு அதே மாட்டை அதே மரத்தில் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று எரிச்சலாக வந்தது.

மத்தியானம் எனக்குச் சோறு கொண்டு வருவது அத்தை. நான் சாப்பிடும் நேரம் அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று அந்தப் படத்தையே பார்ப்பாள். எது எந்த ஊர் என்று கேட்பாள். நான் வாயில் சோற்றோடு சொல்லுவேன். படத்தில் பிரெஞ்சுக்காரன் இடமெல்லாம் ரோஜா நிறம். புதுச்சேரி ஒரு பொட்டு, காரைக்கால் ஒரு பொட்டு. கடலுக்கு அப்பால் சைகோன் இருக்கும் தேசம் மட்டும் ஒரு பெரிய திட்டு. வாத்தியார் இல்லாத ஒருநாள் அத்தை உள்ளே வந்து, அந்தப் பொட்டிலிருந்து திட்டு வரைக்கும் சாண் போட்டுப் பார்த்தாள். மாடு கட்டும் கயிற்றுக்கு அளவு பார்க்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தா என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மே, உங்க வாத்தியாரு தேசத்தையெல்லாம் படமா மாட்டி வெச்சிருக்காராமே. அந்தச் சைகோன் எங்க இருக்குதுன்னு எனக்குப் போட்டுக் காட்டு. மடைய பாத்துட்டு வந்துர்றேன்."

எங்கள் வீட்டில் என்னிடம் ஒரு விஷயத்தை மதித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அம்மா சாணி தெளித்துக் கோலம் போட வைத்திருந்த இடம் முழுவதையும் ஆசியாவுக்கு எடுத்துக்கொண்டேன். சைபீரியா மாட்டுக்கொட்டகை வரை போயிற்று. அரபு தேசம் கழுநீர்ப் பானையில் இடித்தது. பிரெஞ்சுக்காரன் இடங்களுக்குச் செங்கல்லை நுணுக்கித் தூவினேன். மற்றதெல்லாம் வெள்ளை மாவு. முதுகு நிமிர முடியாமல் வலித்தது, ஆனால் பெருமையில் அது தெரியவில்லை.

முடிக்கும்போது அத்தை தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றாள். "கப்பலு எந்த வழியாப் போவும்?" என்றாள். நான் குச்சியால் காட்டினேன். புதுச்சேரியில் ஏறினால் கொழும்பு, அப்புறம் சிங்கப்பூர், அப்புறம் சைகோன். மாமாவே எனக்குச் சொன்னது.

"அந்த ரெண்டும் யாரோட ஊரு?"

"இங்கிலீசுக்காரனோடது. பாக்கல, செங்கல்லு தூவலியே."

அத்தை தெருவைப் பார்த்தாள். அப்புறம் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே, வலது காலால் கொழும்பை ஒரு தேய், சிங்கப்பூரை ஒரு தேய். இரண்டும் சாணித் தரையில் கரைந்துபோயின. சிங்கப்பூரோடு மலேயாவின் வாலும் போயிற்று.

நான் வீறிட்டேன். இரண்டு மணி நேரம் குந்திக்கொண்டு போட்டது.

"கத்தாதடி. கோழி கெளறிடுச்சின்னு நெனச்சிக்கோ," என்றாள் அத்தை. குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் புடவையெல்லாம் ஈரம். "தாத்தா கேட்டா படத்துல இருக்கறத மட்டும் சொல்லு. இல்லாதத சொல்லாத. இன்னா?"

திரும்பப் போடலாம் என்றால் மாவு தீர்ந்துவிட்டது. எனக்கு அவள் மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அழுகையை அடக்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சியபடி நின்றேன்.

தாத்தா வந்தார். அப்பாவும் வந்தார். பின்னாலேயே பாகூரிலிருந்து மாமாவும் வந்துசேர்ந்தார். அம்மா நிலைப்படியில் நின்றாள். தாத்தா ஆசியாவைச் சுற்றி ஒரு நடை நடந்தார், விலைக்கு வந்த மாட்டைப் பார்ப்பது போல.

"நம்ம ஊரு எங்க?"

செங்கல் பொட்டைக் காட்டினேன்.

"இவ்ளோண்டா? பாகூர் ஏரியக்கூடக் காணமே! இன்னா படம் போட்டிருக்கான் உங்க வாத்தியான்?"

அப்புறம் ஒவ்வொரு இடமாகக் காட்டி, அங்கே இருப்பவன் யார் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, எல்லாருக்கும் ஒரே கேள்விதான் அவரிடம் இருந்தது. நெல் விளையுமா? சைபீரியாவில் விளையாது. அரபு தேசத்தில் விளையாது. வீட்டைச் சுருட்டிக்கொண்டு போகிறவனுக்கு வயலே கிடையாது. "அப்ப இன்னாத்ததான் துன்றானுங்க பாவம்," என்று தாத்தா மெய்யாகவே வருத்தப்பட்டார். சைகோனில் மட்டும், பெரிய ஆறு ஒன்று வந்து பாய்கிறது, கண்ணுக்கு எட்டின வரைக்கும் நெல்தான் என்று வாத்தியார் சொன்னதைச் சொன்னேன். தாத்தா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். மாமா தலையாட்டினார்.

"சரி. இங்கேருந்து அங்க போவ எத்தினி சாவடி?"

நான் படத்தைப் பார்த்தேன். புதுச்சேரிப் பொட்டுக்கும் சைகோன் திட்டுக்கும் நடுவே, வழியில் சாணித் தரையைத் தவிர ஒன்றும் இல்லை. நானா அழித்தேன்? மேலே பார்த்தால் அத்தை அம்மாவுக்குப் பின்னால் நின்று கதவின் நாதாங்கியைப் பிடித்திருந்தாள். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"புதுச்சேரில ஏறிட்டா அப்பால ஒண்ணுமே இல்ல தாத்தா," என்றேன், இன்னும் தீராத கோபத்தோடு.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தையைப் பார்த்தார். இருமினார். அதோடு சரி.

தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு, செங்கல் பொட்டில் ஒரு காலை வைத்து நாலே எட்டில் சைகோனில் போய் நின்றார். நின்ற இடத்திலிருந்து திரும்பிக் குருவிநத்தத்தைப் பார்த்தார். "அங்கயும் இதே கொடிதானே மாப்ள?" என்றார். இதே கொடிதான், இதே சர்க்கார்தான் என்றார் மாமா. "அப்ப கடலூருக்குப் பொண்ணு குடுத்தவனவிட நான் ஒண்ணும் கொறைஞ்சி போவல," என்று தாத்தா சொல்லிக்கொண்டார். போகட்டும் என்று அதற்கு அர்த்தம்.

அத்தை உள்ளே ஓடினாள். அடுக்களையில் ஏதோ விழுந்து உருண்டது. அவளுக்குப் போக வேண்டும் என்று நெஞ்செல்லாம் ஆசை இருந்திருக்கிறது. ஒருவரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லும் வழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை. எனக்கோ, அவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்ட ஜப்பானை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்காததுதான் துக்கமாக இருந்தது.

பங்குனியில் கப்பல் வந்தது. வண்டி கட்டிக்கொண்டு எல்லாரும் புதுச்சேரிக்குப் போனோம். வழிச் சாவடியில் அத்தையின் தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னபோது, தாத்தா சாவடிக்காரனிடம், "இன்னிக்கித் தொழாவிக்கோ. இதுக்கப்புறம் எம்பொண்ணு எந்தச் சாவடியிலயும் நிக்கமாட்டா," என்று வீறாப்பாகச் சொன்னார். மாமா வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு வண்டியில் உட்காரவே முடியவில்லை. கடல் வந்துவிட்டதா, கடல் வந்துவிட்டதா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கடலுக்குள் நீண்டிருந்த பாலத்தின் நுனியிலிருந்து படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் விடுவார்கள். அத்தை தாத்தா காலில் விழுந்தாள். என் கன்னத்தை நிமிண்டினாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அத்தை அழவில்லை, அம்மாதான் அழுதாள், அப்பா அதட்டுகிற அளவுக்கு. இத்தனைக்கும் அவர்கள் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் வெந்தவர்கள், பாதி நாள் முகம் பார்த்துப் பேசாதவர்கள். நாத்தனார் போவதற்கு அண்ணி இப்படி அழுவாளா என்று பக்கத்தில் நின்றவர்கள் மெச்சினார்கள். படகு அலையில் ஏறி இறங்கிப் போயிற்று. அத்தை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது தாத்தாவும் அப்பாவும் வண்டிக்கு முன்பக்கம் உட்கார்ந்து கரும்பு வெட்டுக்கு ஆள் சொல்லுவதைப் பற்றிப் பேசினார்கள். நானும் அம்மாவும் பின்பக்கம், வந்த பாதையைப் பார்த்தபடி. வண்டி அரியாங்குப்பம் தாண்டியது. அம்மா முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், "சைகோனுக்கு அப்பால இன்னாடி இருக்குது?" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார்! கடல், தீவு தீவாக நிறைய ஊர்கள், அப்புறம் ஜப்பான் என்றேன்.

"அதுக்கு அப்பால?"

"பெரிய சமுத்திரம்."

"அதுக்கும் அப்பால?"

அதோடு ஆசியா முடிந்துபோய்விட்டது. தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா என் தலையைக் கோதிவிட்டு, "வாத்தியாரக் கேட்டுக்கினு வா," என்றாள். வண்டிச் சக்கரம் கிளப்பிய புழுதியை வீடு வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மறக்காமல் கேட்டேன். அதெல்லாம் அடுத்த வருஷப் பாடம், இப்போது கிடையாது என்று வாத்தியார் சொல்லிவிட்டார். சாயங்காலம் வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அத்தை இல்லாத அடுக்களையில் அவள் தனியாக அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சரி என்று மட்டும் சொன்னாள். புகையில் கண் கலங்கியிருந்தது. பாடத்தில் இவ்வளவு ஆசை இருக்கிறவளைச் சின்ன வயதில் யாரும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அடுத்த வருஷம் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கேட்டு வந்து ஒப்பித்து, அம்மாவின் மனக்குறையைத் தீர்த்துவிடலாம் என்று நம்பினேன்.