சிலுவை இல்லாத கல்லறையைத் தேடி

ஆண்டவருக்குள் அன்பான சகோதரங்களே, போன ஐப்பசியில் நான் அழாத நாளே இல்லை. அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய். வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று திருச்சி வைத்தியர் கையை விரித்துவிட்டார். அப்பா கலங்கவில்லை. "பிள்ளை, என்னை ஒருக்கா ஊருக்குக் கொண்டுபோ. அப்புவைப் பாக்கவேணும்" என்றார்.

அப்பு என்றால் அப்பாவின் தகப்பன். அவர் யூதர். கொச்சியிலிருந்து சங்கும் முத்தும் வாங்க மன்னாருக்கு வந்தவர், முசலிக் கரையில் ஒரு கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டி அங்கேயே இருந்துவிட்டார். ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை. அதனால் செத்தபோது ஊர்க் கல்லறைத் தோட்டமான சேமக்காலையின் வேலிக்கு வெளியே புதைத்தார்கள். அப்பா அப்போது சின்னப் பிள்ளை. வேலிக்கு வெளியே, சிலுவை இல்லாத கல்லறை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு யுத்தம் வந்தது. நாங்கள் படகேறித் தமிழ்நாட்டு அகதி முகாமுக்குப் போனவர்கள், ஊர்ப்பக்கம் திரும்பவே இல்லை.

அப்பாவைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து சேர்த்தேன். அவரை ஆட்டோவில் இருத்திவிட்டுச் சேமக்காலைக்குள் இறங்கினேன். வேலியே இல்லை. எங்கு பார்த்தாலும் முள்ளுப் பற்றை. பெயர் எழுதிய கல்லறைகள் கொஞ்சம், மற்றதெல்லாம் வெறும் மண்மேடு. ஒவ்வொரு மேட்டிலும் ஒரு மரச்சிலுவை. முள்ளுக் குத்தக் குத்தத் தேடினேன். சிலுவை இல்லாதது ஒன்றுகூட இல்லை. ஆட்டோவுக்குள் இருந்து அப்பா, "கண்டியோ பிள்ளை? கண்டியோ?" என்று கேட்டபடியே இருந்தார்.

பற்றைக்குப் பின்னால் போய் நின்று ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். "உமக்குக் கண் இல்லையோ? சாகப்போற மனுசன் ஒண்டே ஒண்டுதானே கேக்கிறார்! அவரின்டை அப்பு உம்மடை சனம்தானே!" செபமா அது, திட்டுத்தான்.

"ஆரைத் தேடுறியள்?"

செத்தவர்களுக்காகச் செபிக்கும் ஆத்துமாக்கள் திருநாள் வருகிறதென்று புல்லுச் செருக்க வந்திருந்த ஊர்க்காரி, திரேசாக்கா. விசயத்தைச் சொன்னேன். அவ தலையில் கை வைத்தா.

"ஐயோ தங்கச்சி, சிலுவை இல்லாததைத் தேடினா எங்க காணப்போறியள்! நாங்கள் திரும்பி வந்து துப்பரவாக்கேக்கை, ஆரெண்டாலும் அநாதையாக் கிடக்கக்கூடாதெண்டு எல்லாத்துக்கும் நட்டுப்போட்டம். ஒண்டு மட்டும் குறுக்கால வடமேற்குப் பாத்துக் கிடக்குது. ஏனெண்டு எங்களுக்கும் விளங்கேல்லை. வாங்கோ, காட்டுறன்."

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஓம் பிள்ளை, அதுதான்! இப்பதான் ஞாபகம் வருது, எருசலேம் பக்கம் காலை நீட்டிக் கிடத்தச் சொன்னவராம்" என்றார்.

இரண்டு பேருமாகத் தாங்கிக் கொண்டுபோனோம். சிலுவையைப் பார்த்துவிட்டுத் திரேசாக்கா கூசிப்போனா. "ஐயா, தெரியாமல் செய்துபோட்டம். புடுங்கிவிடட்டோ?"

"வேண்டாம் பிள்ளை, கிடக்கட்டும். ஆராவது திரி கொளுத்துறவையோ?"

"வருசா வருசம் நாங்கள்தான். பேர் தெரியாட்டி என்ன, அவருக்கும் சேத்துத்தான் செபிக்கிறனாங்கள்."

அப்பா மண்ணில் சரிந்து விம்மி விம்மி அழுதார். முகாமில் இருந்த காலம் முழுக்க ஆத்துமாக்கள் நாளில் அவர் ஆண்டவரிடம் கேட்டது அந்த ஒன்றைத்தானாம்: என் அப்புவுக்கு ஆராவது ஒரு திரி ஏற்றட்டும். எனக்குக்கூடச் சொல்லவில்லை. பிறகு கண்ணைப் பொத்திக்கொண்டு, சின்ன வயதில் படுக்கைக்குப் போகும்போது தகப்பன் சொல்லிக்கொடுத்த, ஆண்டவர் ஒருவரே என்னும் எபிரேய வரியைச் சொன்னார். ஒரே வரி. திரேசாக்கா ஆமென் சொன்னா.

அந்த மாதம் முடியுமுன் அப்பா போய்விட்டார். அப்புவுக்குப் பக்கத்தில் கிடக்கிறார். அவருடைய உயிரையும்தான் கேட்டேன், ஆண்டவர் தரவில்லை. ஏன் என்று இன்றைக்கும் கேட்கிறேன். ஆனால் முன்னைப்போல் அவர் காது கேளாதவர் என்று சொல்ல எனக்கு இப்போது துணிவில்லை. நன்றி ஆண்டவரே.

சகோதரங்களே, நம்பிக் கேளுங்கள். உங்கள் ஊர்ச் சேமக்காலையில் ஆளில்லாத மேடு ஒன்று இருந்தால், ஒரு திரி கொளுத்திவிட்டு வாருங்கள். எங்கேயோ ஒரு பிள்ளை அதைக் கேட்டு மன்றாடிக்கொண்டிருக்கும்.