ஒரு மனைவிக்கு மட்டும் இடம்

முட்டாள்களுக்குப் போட்டி வைத்தால் என்னைச் சேர்க்கமாட்டார்கள். மற்றவர்களுக்கும் பரிசு போகவேண்டுமே. தொண்ணூறுகளின் கடைசியில், கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை கிடைத்த மிதப்பில், ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக் குடும்பங்களின் விவரப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் தயாரித்துத் தருவதாக நானே போய் ஏற்றுக்கொண்டேன்.

குடும்பத் தலைவர் பெயருக்குப் பக்கத்தில் மனைவிக்கு ஒரு கட்டம், பிள்ளைகளுக்குச் சில கட்டங்கள், கடைசியில் வேலையாளுக்கு ஒன்று. ஆட்களை ஒரு பட்டியலாகவும் உறவுகளை இன்னொரு பட்டியலாகவும் வைத்திருந்தால் யாரோடு யாரை வேண்டுமானாலும் சேர்த்திருக்கலாம். அந்த அறிவு எனக்குப் பிறகுதான் வந்தது.

எதிர்வீட்டு மாமாவுக்கு இரண்டு மனைவிகள். மூவரும் ஒரே வீட்டில்தான். மூத்தவரான பார்வதி மாமி மனைவிக் கட்டத்தில் ஏறிவிட்டார். இளையவர் விசாலம் மாமிக்குக் கட்டம் இல்லை. காலியாக இருந்தது வேலையாள் கட்டம்தான். யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதில் போட்டுவிட்டேன்.

தெருவே பார்த்தது. புத்தகம் வீடுவீடாகப் போன நாளிலிருந்து விசாலம் மாமி கோவில் பக்கமே வரவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். விசாலம் மாமிதான் காபி கொண்டுவந்து வைத்தார்.

"வேலைக்காரி போட்ட காப்பியாக்கும். குடிப்பியோ?"

சுடச்சுட ஒரே மடக்கில் குடித்து முடித்தேன். அவர் உள்ளே போனதும் பார்வதி மாமி எதிரே வந்து நின்றார்.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

நான் போட்ட கட்டத்துக்கு, வெட்கமில்லாமல் மெஷின்மேல் பழியைப் போட்டேன். "ரெண்டாவது பொண்டாட்டியைக் கம்ப்யூட்டர் ஒத்துக்கலை மாமி."

"நானே ஒத்துண்டேனேடா."