ஏரிக்குள் போட்ட கூடாரம்

போன வாரம் என் பேரன் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினான். கூடாரம் அடித்துத் தங்கவும், படுக்கை வைத்த வண்டியை நிறுத்தவும் கொல்லிமலை அடிவாரத்தில் இரண்டு இடங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றனவாம். ஒன்று ஏரியோரம், இன்னொன்று புளியந்தோப்பு.

"எதுங்க தாத்தா நல்லாருக்கும்? ஏரியோரத்துக்குத்தான் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க."

"நட்சத்திரம் போட்டவன் ஐப்பசி மாசத்துல அங்க படுத்துப் பாத்தானா?" என்று கத்திவிட்டேன்.

அவன் மிரண்டுபோய்க் கைப்பேசியை இழுத்துக்கொண்டான். கோபம் அவன்மேல் இல்லை. அந்த ஏரி எனக்குத் தெரியும். அங்கே நான் செய்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. என் தாய்மாமன் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். சேலம் சாலையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வண்டிக்குள்ளேயே சமைத்து, வண்டிக்குள்ளேயே தூங்கி ஊர் சுற்றுவதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு பழைய லாரிக்குள் நான்கு படுக்கைகள் அடித்தார். மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு தட்டு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்கு அத்தையின் பழைய சேலையில் திரை. பின்பக்கம் மட்டும் பழக்கதோஷத்தில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவிட்டார். வீட்டுக்கு எதற்கு அது என்று அத்தை கேட்டாள்.

தீபாவளி முடிந்த மறுநாள் அத்தையின் ஊருக்குப் புறப்பட்டோம். மாமன், அத்தை, அம்மா, நான், என் தங்கை. அத்தையின் அப்பாதான் அந்த ஊர் மணியக்காரர். அவர் வீட்டில் எத்தனையோ அறைகள் இருந்தும், வண்டியில்தான் தங்குவேன் என்று மாமன் ஒரே பிடிவாதம்.

வண்டியை நிறுத்த இரண்டே இடங்கள். மேட்டில் புளியந்தோப்பு. கீழே ஏரிக்குள், பாதி வற்றிய தண்ணீருக்குப் பக்கத்தில், பாய் விரித்தாற்போல் பச்சைப்புல்லும் அங்கங்கே கருவேல மரங்களும். எனக்காக ஒரு லாரி டியூபைக் காற்றடித்துக் கொண்டுவந்திருந்தார் மாமன். அம்மாவோ, "தோப்புல நிறுத்துனா இவனைத் தண்ணிப் பக்கமே உடமாட்டேன். அவ்வளவு தூரம் தனியாப் போறதா?" என்று சொல்லிவிட்டாள்.

"மடைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஓடியா கண்ணு. ஏரிய அவந்தான் பாக்கறான்" என்று மாமன் என்னை அனுப்பினார். அவர் இறங்கிப் போகவில்லை. அந்த ஆளிடம் போய் நின்று கேட்பது மாமனுக்கு வழக்கமில்லை.

மடையைத் திறந்து மூடுவதும் கரையைக் காப்பதும் அவர் வேலை. அறுப்பின்போது ஒவ்வொரு வயலிலும் அதற்காக நெல் கொடுப்பார்கள். நான் போனபோது மடை ஓரத்தில் அவரும் என் வயதுள்ள அவர் மகளும் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து வயதுப் பையனான என்னைக் கண்டதும் அவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏரிக்குள்ள வேண்டாஞ் சாமி. மலையில மூணு நாளா மழை. இங்க வெயில் அடிக்குதேன்னு பாக்காதீங்க, ஓடை எறங்குனா சத்தமே இல்லாம வந்துரும். அந்த மரத்துல சேத்துக் கறை தெரியுதுங்களா? உங்க தலைக்கு மேல இருக்குது பாருங்க. மாமனைத் தோப்புக்கே போகச் சொல்லுங்க."

திரும்பி வந்தேன். ஒரு பொய்யைத் தயார் செய்ய அந்தத் தூரம் போதுமானதாக இருந்தது.

"ஏரிக்குள்ளயே நிறுத்தலாம்னு சொன்னாருங்க மாமா. மலையில மழையே இல்லையாமா."

இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன். இன்றும் உறுத்துவது அதுதான்.

மாமன் வண்டியை ஏரிக்குள் இறக்கினார். பக்கத்தில் தார்ப்பாயால் ஒரு கூடாரம் அடித்தார். துணி உலர்த்த இரண்டு கருவேல மரங்களுக்கு நடுவே கயிறு கட்டினார். சேற்றுக் கறை முடிகிற இடத்தில், அளந்து கட்டியதுபோல் அந்தக் கயிறு இருந்தது. எல்லா மரமும் ஏன் ஒரே உயரம்வரை வெளுத்திருக்கிறது என்று பெரியவர்கள் மூவரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் நண்பகல், நல்ல வெயில். முன்பம்பரில் கட்டிய டியூபில் நான் கண்ணை மூடி மிதந்துகொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது அத்தை ரசம் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த இடத்துக்கே மிதந்து வந்திருந்தேன்.

"ஏனுங்க! தண்ணி நம்ம ஊட்டுக்கே வந்துருச்சுங்க!" என்று அலறினாள் அத்தை.

மாமன் எஞ்சினைக் கிளப்பினார். சக்கரம் சுழன்று வண்டலில் புதைந்தது. லாரி ஒருபக்கமாகச் சாய்ந்தது. கூடாரம் தனியே மிதந்து போனது. மார்பளவு தண்ணீரில் இறங்கி என் தங்கையைத் தோளில் தூக்கிக் கரையேற்றியவர் அந்த மடைக்காரர்தான்.

அன்று மாலை மணியக்காரர் வீட்டு வாசலில் அவரை நிறுத்தினார்கள்.

"ஏண்டா, ஏரிக்குள்ள தங்கலாம்னு நீதான் சொன்னயாமா?" என்று கேட்டார் மணியக்காரர்.

"புள்ளைங்களைக் காவு குடுக்கப் பாத்தானுங்க மாமா" என்றார் இரவல் வேட்டியில் நின்ற என் மாமன்.

மடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் பின்னால் நின்று அதிரசம் தின்றுகொண்டிருந்தேன்.

"சின்னச் சாமி சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்."

"சொன்னயா, இல்லையா?"

"சொன்னேனுங்க."

அத்துடன் முடிந்தது. அவர் அப்பன் காலத்திலிருந்து பார்த்துவந்த மடையை அங்கேயே வேறொருவரிடம் கொடுத்தார்கள். அறுப்புக்கு அவர் வீட்டுக்கு நெல் போகவில்லை. அடுத்த வருடம் அவர் குடும்பத்தோடு தம்மம்பட்டிப் பக்கம் கூலிக்குப் போய்விட்டதாக அத்தை ஏதோ பேச்சுக்கு நடுவே சொன்னாள்.

நான் பொய் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் எப்படி நம்பினார்கள்? ஆயுள் முழுவதும் அந்த ஏரியைப் பார்த்த மனிதன், மலையில் மழை பெய்யும்போது ஏரிக்குள் கூடாரம் அடி என்று சொல்வானா? பலகையைத் தட்டிப் பார்த்தே உள்ளே உளுத்திருப்பதைச் சொல்லும் என் மாமனுக்கு அது தெரியாதா? அந்தத் தண்ணீரிலேயே பயிர் செய்து நரைத்த மணியக்காரருக்குத் தெரியாதா? நான் அவர்களை ஏமாற்றவில்லை. அவர்களுக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்தேன். மடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை என்றால் குற்றம் மாமனுடையதாகியிருக்கும். வீட்டு மருமகனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க அங்கே யாருக்கும் மனமில்லை. மற்றவர்களைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. எனக்கு அந்த மாலை முழுவதும் நேரம் இருந்தது, வாய் இருந்தது. அதை அதிரசத்தால் அடைத்துவைத்திருந்தேன்.

ஒரு சிறுவனை அடியிலிருந்து காப்பாற்றத் தன் பிழைப்பையே விட்டுக்கொடுத்த நல்ல மனிதர் என்று அவரைப் பற்றி நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு வசதியான கதை! மணியக்காரர் வாசலில் நின்று, அவர் சம்பந்தி வீட்டுப் பிள்ளை பொய் சொல்கிறது என்று மடைக்காரர் சொல்லியிருந்தால், மடையோடு போயிருக்குமா? குடிசையும் சேர்ந்து போயிருக்கும். அவருக்கு அங்கே வேறு பதில் இருக்கவில்லை.

இதெல்லாம் பத்து வயதில் எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் ஊர் திரும்ப பஸ்ஸுக்குப் போகும் வழியில் அவரையும் மகளையும் பார்த்தேன். அம்மாவின் கூடையிலிருந்து இரண்டு அதிரசங்களை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் துண்டை விரித்து ஒன்றை வாங்கிக்கொண்டு, "நல்லா இருங்க சாமி" என்றார். என் மனம் லேசாகிவிட்டது. மற்றதை மகளிடம் நீட்டினேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"வாங்கிக்க கண்ணு" என்று அவர் சொல்லியும் அவள் வாங்கவில்லை.

அதிரசம் பிடிக்காத பிள்ளைகூட இருக்குமா என்று ஆச்சரியப்பட்டபடி, அதையும் நானே தின்றுகொண்டு பஸ் ஏறினேன்.