வாடைக்குத் திறந்த ஏழு குடாக்கள்

சாப்பாட்டு மேசை முழுவதும் சிசிலித் தீவு கிடந்தது. கடல் வரைபடம் சுருண்டுவிடாமல் இருக்க மிளகாய்த்தூள் போத்தல், நெய் டின், மகளின் கணிதப் புத்தகம், கணவரின் மூக்குக்கண்ணாடிக் கூடு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் மூலைக்கொன்றாகத் தூக்கி வைத்திருந்தேன். போன பெப்ரவரி முழுவதும் ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கிலில் இருக்கும் எங்கள் வீட்டில் யாரும் மேசையில் சாப்பிடவில்லை. செப்டம்பரில் ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, மூன்று வாரத்தில் அந்தத் தீவை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றுவது என்பது திட்டம். படகை ஓட்டப்போவது நான். இதை வாய்விட்டுச் சொல்லும்போதெல்லாம் எனக்கே சிரிப்பு வந்துவிடும், அவ்வளவு சந்தோஷம்.

நகர மையத்தில் ஒரு வங்கியில் எனக்குக் கணினி வேலை. புதன்கிழமை மாலைகளில் துறைமுகத்தில் நடக்கும் படகுப் பந்தயத்துக்கு, படகு சாயாமல் இருக்கப் பாரம் போதவில்லை என்று சொல்லி ஒரு சக ஊழியை என்னை ஏற்றிக்கொண்டு போனாள். பாரமாகப் போனவள் ஆறு வருடத்தில் சுக்கான் பிடித்து, பரீட்சை எழுதி, உரிமமும் வாங்கிவிட்டேன். ஆனால் சிசிலியைத் தேர்ந்தது கடலின் அழகுக்காக அல்ல. அங்கே பலெர்மோவில் என் அண்ணா இருக்கிறார்.

நாங்கள் பத்தொன்பது வருடம் நேரில் சந்திக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து போனவருக்கு முதலில் வதிவிடக் காகிதங்கள் இல்லை. காகிதங்கள் கிடைத்த பிறகு வேலை விடவில்லை. என் கல்யாணமும் சரியாக அவருக்கு வேலை மும்முரமான கோடை சீசனில் வந்து தொலைத்தது. வாடகைப் படகுகளைக் கழுவுவதுதான் அவர் தொழில். சனிக்கிழமை காலையில் ஒரு கூட்டம் இறங்கும், பின்னேரம் அடுத்த கூட்டம் ஏறும். அந்த இடைவெளிக்குள் வாளியும் தும்புத்தடியுமாக ஏறி, தளத்தைத் தேய்த்து, படுக்கை விரிப்பு மாற்றி இறங்கிவிடுவார். அத்தனை படகுகளில் ஏறியும் ஒன்றிலாவது ஓர் இரவு தூங்கியதில்லை. இந்தப் பயணத்துக்கு எங்களோடு வரச்சொல்லி இரண்டு முறை கேட்டேன்.

"நான் கரையில நிண்டு கயிறு பிடிக்கிறன் பிள்ளை. எனக்கு அதுதான் பழக்கம்."

படகுக்காரருக்கு அனுப்பவேண்டிய பெயர்ப் பட்டியலில் எங்கள் மூவருக்கும் கீழே நான்காவது வரி வெறுமையாகவே கிடந்தது. அதை அழிக்க மனம் வராமல் அப்படியே விட்டு வைத்திருந்தேன்.

வர மறுத்தாரே தவிர, வழி சொல்வதில் அண்ணாவுக்கு அலுப்பே இல்லை. எனக்கு ஞாயிறு காலை எட்டு மணி என்றால் அவருக்குச் சனி இரவு எட்டு. வேலை முடித்துக் குளித்துவிட்டு அழைப்பார். பத்தொன்பது வருடமாக "சாப்பிட்டியளோ, சுகமோ" என்பதைத் தாண்டாத எங்கள் பேச்சு, அந்த மாதத்தில் மணிக்கணக்காக நீண்டது. எந்தத் துறையில் தண்ணீர்க் குழாய்க்குச் சாவி கேட்க வேண்டும், மீனவர் படகு கட்டும் இடத்தில் ஞாயிறு தவிர ஏன் கட்டக்கூடாது, எந்த ஊரில் மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு பாண்கூட வாங்க முடியாது என்று அடுக்கிக்கொண்டே போவார். இறங்குகிறவர்கள் சொல்லிப் புலம்பியதையெல்லாம் தளம் தேய்த்தபடியே கேட்டுச் சேர்த்த அறிவு. நான் பரபரவென்று எழுதுவேன்; தேநீர் ஆறிப்போயிருக்கும்.

கடைசி ஞாயிறு, வடகரையில் நங்கூரம் போட நான் தேர்ந்த ஏழு குடாக்களையும் பெருமையோடு வாசித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தெற்கே மலை. காற்று எட்டிப் பார்க்காது என்றேன். மறுமுனையில் அவர் ஏழு பெயர்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

"பிள்ளை, ஆருக்கு ஒளிக்கிறாய் நீ?"

"தெற்குக் காத்துக்கு அண்ணா. அதுதானே குளிரும் புயலும்."

"அது உங்கடை ஊரிலை. இங்கை தெற்காலை வாறது சூடு. அடிச்சு நொறுக்கிறது வடமேற்காலை வரும். நீ ஏழு வாசலையும் அதுக்குத் திறந்து வைச்சிருக்கிறாய். வாடை எண்டால் எந்தப் பக்கம் எண்டும் மறந்து போச்சோ?"

முகம் சுட்டது. ஆக்லாந்தில் எலும்பைக் குடைவது தெற்குக் காற்று. ஆறு வருடமாக அதற்குத்தான் முதுகைக் காட்டப் பழகியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்றில் போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போன நானே உலகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். அந்தத் திட்டப்படி போயிருந்தால், நாங்கள் எல்லோரும் தூங்கும் வேளையில் நங்கூரம் இழுபட்டுப் படகு பாறையில் போய் மோதியிருக்கும். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த கணவர் மகளைப் பார்த்தார்.

அண்ணாவுக்கும் அதே நினைவுதான் வந்திருக்க வேண்டும். "உன்னை நம்பி அந்தக் குஞ்சைக் கடலிலை விடேலாது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நானும் வாறன்."

"மூண்டு கிழமையுமோ?"

"ஓம். முதலாளியிட்டை நாளைக்குக் கதைக்கிறன். இத்தனை வருசத்திலை ஒரு சனிக்கிழமையும் லீவு கேட்டதில்லை, தரட்டும்."

மகள் என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மாமா வருகிறார் என்றேன். செய்த பிழைக்காக இவ்வளவு மகிழ்ந்தது வாழ்க்கையில் அன்றுதான். அவர் மனம் மாறுவதற்குள் பட்டியலைத் திறந்து நான்காவது வரியில் அவர் பெயரைத் தட்டச்சு செய்தேன். பக்கத்துக் கட்டத்தில் படகில் அவர் பொறுப்பு என்ன என்று கேட்டிருந்தது.

"உதவியாள் எண்டு போடட்டோ அண்ணா?"

இந்த முறை அவர் யோசிக்கவே இல்லை.

"பயணி எண்டு போடு."