ஜீப்புக்கு ஏர் எடுத்த நாள்

எங்கள் ஜீப்பை என் கணவர் வாங்கும்போதே அதற்குக் கல்யாண வயது தாண்டியிருந்தது. மலைக்கும் காட்டுக்கும் போகலாம் என்று ஆசை காட்டித்தான் வாங்கினார். அசோக் நகரிலிருந்து அது அதிகம் போனது சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குத்தான்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காய்கறியோடு திரும்பும்போது, பாலத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்தார். மிதி தரை வரை போனது. வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டயரை நடைபாதையில் தேய்த்து ஒருவழியாக நிறுத்தினார். முன்னால் நின்ற ஆட்டோவுக்கும் எங்களுக்கும் ஒரு முழம்கூட இல்லை. கத்தரிக்காயெல்லாம் என் காலடியில்.

"இதை வித்துடுங்க," என்றேன். அவர் குனிந்து கத்தரிக்காய் பொறுக்க ஆரம்பித்தார். கேட்காமலே அவர் வேலை செய்தால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம்.

வண்டியைக் கட்டி இழுத்து, ராயப்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் விட்டோம். வீட்டில் உருது பேசுகிறவர். எங்களிடம் மெட்ராஸ் தமிழ். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் கூப்பிட்டார்.

"அக்கா, பின்சக்கரத்துக்குப் போற பைப்பு துரு புடிச்சு ஓட்டையாகீது. இன்னிக்கு நேத்து இல்ல, மாசக்கணக்கா ஒழுகிக்கினு கீது. சார் பிரேக் ஆயில் ஊத்தி ஊத்தியே ஓட்டிக்கினு இருந்துகீறாரு."

திரும்பிப் பார்த்தேன். கணவர் எதிர்க்கடைப் பலகையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். உருதுப் பலகை. அவருக்கு உருதுவில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

புது பைப் மாட்டியதும் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஏர் எடுப்பது என்று பெயர். ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும், ஒருவர் அடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். கணவரின் காலை நம்ப நான் தயாராக இல்லை. நானே ஏறி உட்கார்ந்தேன்.

"புடின்னா அமுக்கிப் புடிச்சுக்கோக்கா. வுடுன்னா காலை எடு. நடுவுல எடுத்தா காத்து திரும்ப உள்ள பூந்துடும்," என்றார் மெக்கானிக்.

"புடி!" பிடித்தேன். அப்போது பார்த்துக் கணவர் ஜன்னலோரம் வந்தார். எங்கள் வீட்டில் முப்பது வருடமாக அவருடைய சமாதான வார்த்தை ஒன்றுதான். "சொல்லியிருக்கணும். தப்புதான். விடு," என்றார்.

காலை எடுத்துவிட்டேன்.

"யாருக்கா வுடு சொன்னது? நான் சொல்லவே இல்லியே!" அடியிலிருந்து சத்தம். முதலிலிருந்து ஆரம்பித்தோம். "இனிமே இப்படி ஆகாது, விடும்மா," என்றார் இவர். மறுபடியும் என் கால் மேலே வந்தது.

மெக்கானிக் தலையை வெளியே நீட்டினார். முகமெல்லாம் ஆயில். "இன்னா சார் நீ! அக்கா கைல சமாதானம் பேசணும்னா வேற வார்த்தை சொல்லு சார்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதிக் கோபம் அதிலேயே போய்விட்டது. பாவம், அவர் வேறு வார்த்தைக்கு எங்கே போவார்?

"புடி!" என்றது குரல். பிடித்தேன். இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னா நீ விக்கச் சொல்லுவேன்னு மறைச்சேன்," என்றார் மெதுவாக. "பாலத்துல நீ பக்கத்துல உக்காந்திருந்தே. ரொம்ப பயந்துட்டேன்."

அவர் பயந்ததாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கியது. ஆனால் கால் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் மிதி கெட்டியானது. வண்டியை விற்கவில்லை. "ஆயில் குறைஞ்சா முதல்ல எனக்குத் தெரியணும்," என்று மட்டும் சொன்னேன். ஞாயிறுதோறும் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு சமையலறைக்கு வந்து, "அளவு சரியா இருக்கு," என்பார். அதுவே ஒரு தொல்லையாகிவிட்டது.

போன ஞாயிறு வந்து வாசற்படியில் நின்றார். "கொஞ்சம் குறைஞ்சிருக்கு," என்றார், என் முகத்தைப் பார்த்து.

அடுப்பை அணைத்தேன். ஜீப் ஒழுகுகிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தி இந்த ஊரில் இருக்க முடியாது.